நாலு தடவை எழுதிய ‘புகார் இல்லை’

போன மாதம் திவ்யா போன் பண்ணினாள். நான் ரிடையர் ஆன பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் செக்கப் பார்ப்பது அவள்தான். “நசீமாக்கா, இனிமே பாதிப் பேரு இங்க வரவே வேணாம். கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி வெச்சிட்டா போதும். மெஷின்ல இருக்கறது எல்லாம் தானா இங்க வந்துடும்” என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். கூடவே ஆஸ்பத்திரி மலருக்கு ஒரு கட்டுரையும் கேட்டாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உதவுகிற மாதிரி, என் அனுபவத்திலிருந்து.

அனுபவம் என்பது செய்த தப்புகளுக்கு வயசானவர்கள் வைத்துக்கொள்ளும் மரியாதையான பேர். அதைத்தான் கேட்கிறாள் என்று திவ்யாவுக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரெடிமேட் துணிக்கடை. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணமா படிப்பா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. படிப்பு கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. சென்னையில் இரண்டு வருஷம் இதய டெக்னீஷியன் படிப்பு. அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு நினைவிருப்பது வலது கை வயரையும் இடது கை வயரையும் மாற்றிப் போட்டு வாங்கிய திட்டுகள்தான். ஊர் திரும்பினேன், கல்யாணமும் ஆயிற்று, இங்கே புதிதாக ஆரம்பித்திருந்த இதய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியாக அங்கேயே இருந்தேன்.

ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் எங்களுக்கு அது டாக்டர் அறவாழிதான். சங்கராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். நெடுநெடுவென்று உயரம், குறைவான பேச்சு. பேஷண்ட் உள்ளே வந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பார். படுக்கவைத்து, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கழுத்து நரம்பையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு நிமிஷமும் யாரும் பேசக் கூடாது. கூட வந்த சொந்தக்காரர்கள், என்னமோ கெட்ட சேதி சொல்லப்போகிறார் என்று பயந்துபோவார்கள். பிபி பார்க்க அவருக்குப் பாதரசக் கருவிதான் வேண்டும். பேட்டரியில் ஓடுகிற கருவியைக் கம்பெனிக்காரர் ஒருவர் இலவசமாகக் கொடுத்தபோது, வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டோடு போய், “பேஷண்ட் நல்லா இருக்காரு சார்” என்றேன். என் கையிலிருந்த ஷீட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

“நல்லா இருக்காருன்னு யாரு சொன்னா?”

“பார்த்தா அப்படித்தான் தெரியுது சார்.”

“பார்த்தா தெரியறத நான் பார்த்துக்கறேன். நீ அளந்ததை மட்டும் சொல்லு. நெனைச்சதைச் சொல்லாத.”

அன்றிலிருந்து அளந்ததை மட்டுமே சொன்னேன். ஷீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். பேனாவில் எழுதினால் தப்பு என்று தெரிந்த பிறகும் அடிக்க மனசு வராது என்பார். பென்சிலில் எழுதி, அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். பென்சில் ஷீட்டும் ஃபைலிலேயே இருக்கும். என் காதோரம் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வீட்டுக்குப் போனாலும் எடுக்க மறந்துவிடுவேன், மாமியார் கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

பேஸ்மேக்கர் என்பது நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் தீப்பெட்டி அளவு மெஷின். அதிலிருந்து ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். இதயம் சோம்பேறித்தனம் பண்ணினால் அந்தக் கம்பி வழியாக ஒரு சின்ன மின்சாரத் தட்டு தட்டும். இதயம் தானே ஒழுங்காகத் துடித்தால் மெஷின் சும்மா இருக்கும். எழுபது என்று வைத்தால், துடிப்பு எழுபதுக்குக் கீழே இறங்கும்போது மட்டும் வேலை செய்யும். இதைப் பேஷண்டுகளுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. திருக்கோவிலூர் வியாபாரி ஒருவர், அவர் மச்சானுக்கு எண்பது வைத்திருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் அறுபது என்று சண்டைக்கு வந்தார். எலவனாசூர்கோட்டைப் பெரியவர் ஒருவர் மெஷின் கெட்டுவிடும் என்று செல்போனைத் துண்டில் சுற்றி, வேலைக்காரர் கையில் கொடுத்துப் பத்தடி பின்னால் நடக்கவிடுவார். போன் வந்தால் வேலைக்காரர் எடுத்து, பேசுகிறவர் சொல்வதைக் கத்திச் சொல்ல வேண்டும். குடும்ப விஷயம் எல்லாம் எங்கள் வராந்தாவுக்குத் தெரிந்துபோனது.

செக்கப்பில் என் வேலை எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் படுக்கவைத்து பிபி பார்ப்பேன். பிறகு இ.சி.ஜி. அதன் பிறகு மெஷினோடு பேசும் வட்டக் கருவியை நெஞ்சின் மேல் வைத்து, திரையில் பேட்டரி, கம்பி, துடிப்பைக் கம்பி சரியாக உணர்கிறதா என்பது எல்லாம் பார்ப்பேன். கடைசியில் இருப்பதுதான் முக்கியமான டெஸ்ட். மெஷினைத் தொண்ணூறுக்கு ஏற்றுவேன். அப்போது எல்லாத் துடிப்பும் மெஷின் கொடுப்பதாகவே இருக்கும். பிறகு மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவுக்குக் கீழே போனால் இதயம் கேட்க மாட்டேன் என்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் கண் இமைக்காமல் திரையையே பார்க்க வேண்டும். ஒரு துடிப்பு தவறினால் உடனே பழையபடி வைக்க வேண்டும்.

மெஷினை ஏற்றும் முன்னால் எல்லோரிடமும் ஒன்று சொல்வேன். “டெஸ்ட் பண்றப்போ ஒரு மாதிரி படபடன்னு இருக்கும். பயப்படாதீங்க. முடிஞ்சதும் சரியாயிடும்.” நல்ல வார்த்தைதான். எத்தனையோ பேருக்குப் பயம் தெளிந்திருக்கிறது. இந்தக் கட்டுரையே அந்த வார்த்தையைப் பற்றியதுதான்.

பழனியம்மா கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை. வயசு நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. இதயத் துடிப்பு திடீர் திடீரென்று சில விநாடி நின்றுபோய் மயங்கி விழுந்திருக்கிறார். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு கம்பி மெஷின் வைத்து, செக்கப்புக்கு மட்டும் எங்களிடம் அனுப்பினார்கள். கணவர் கேரளாவில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் வருஷத்துக்கு இரண்டு தடவை வருபவர். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். மாதா மாதம் தவறாமல் வருகிற சம்பளம் பழனியம்மாவுடையது மட்டும்தான்.

முதல் செக்கப்பில் எல்லாம் சரியாக இருந்தது. பிபி நூற்று முப்பது. துடிப்பு எண்பத்திரண்டு, அவருடைய சொந்தத் துடிப்பு. டாக்டர் கழுத்தைப் பார்த்தார், அமைதியாக இருந்தது. நான் என் வார்த்தையைச் சொல்லிவிட்டு மெஷினை ஏற்றினேன். பழனியம்மா சொன்னார், “இதேதாம்மா வூட்லயும் வருது.”

“ஆமாங்க, அப்படித்தான் இருக்கும். சரியாயிடும்” என்றேன். கண் திரையில் இருந்தது. டெஸ்ட் முடிந்தது. ஷீட்டில் ‘புகார்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

நாலு மாதத்துக்கு ஒரு தடவை வந்தார். இரண்டாவது தடவையும் அதே டெஸ்ட், அதே வார்த்தை, அதே பதில். மூன்றாவது தடவை, “உக்காந்துக்கினு இருந்தாலும் வருதும்மா. கழுத்துல வந்து அடைக்குது” என்றார். நாலாவது தடவை, “மெஷின எடுத்துட்டா இன்னா?” என்று கேட்டார். எடுத்தால் மறுபடி மயக்கம் வரும் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். நாலு ஷீட்டிலும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’.

நான் அவரை மதிக்காமல் அப்படி எழுதவில்லை. டெஸ்ட் நடக்கும்போது யார் என்ன சொன்னாலும் அது டெஸ்டினால் வருவது, பேஷண்டின் புகார் இல்லை என்பது என் மனசில் பதிந்துபோயிருந்தது. அளந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நினைத்ததைச் சொல்லாதே என்று டாக்டர் சொன்னதை, கேட்டதையும் சொல்லாதே என்று நானாக நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

ஐந்தாவது தடவை செக்கப் தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். முழங்கையில் கட்டு. கையில் சத்துணவு அமைப்பாளர் கொடுத்த கடிதம். பள்ளிக்கூடத்தில் சாம்பார் அண்டா பக்கத்தில் நின்றவர் கண் இருட்டி விழுந்திருக்கிறார். அண்டா சாய்ந்து தரையெல்லாம் சாம்பார். பிள்ளைகள் வகுப்பில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலை செய்ய உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் சான்று வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று கடிதத்தில் இருந்தது. அமைப்பாளரைக் குறை சொல்ல முடியாது. கொதிக்கிற அண்டாவையும் ஓடித் திரிகிற பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன எழுதுவார்?

“கையெழுத்து கெடைக்குமாம்மா?” என்று கேட்டார்.

“மெஷின் நல்லா இருந்தா சார் போடுவாருங்க” என்றேன்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பிபி நூற்று இருபத்தெட்டு. இ.சி.ஜி. சுத்தம். வட்டக் கருவியை வைத்தேன், பேட்டரி, கம்பி எல்லாம் பிரமாதம். என் வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தொண்ணூறுக்கு ஏற்றினேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனியம்மா என் இடது கையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்தார். “இங்க பாரும்மா. அத வுட்டுட்டு இங்க பாரு. தவள தொண்ட மாதிரி அடிக்குது. இதான் அன்னிக்கி அண்டாகிட்ட வந்துச்சு. இதான் தெனமும் வருது.”

பார்த்தேன். கழுத்து நரம்பு காது மடல் வரைக்கும் துள்ளிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. ஏ.சி. அறை அது. பிபி பட்டை இன்னும் அவர் கையிலேயே கட்டியிருந்தது. மின்சாரத்தைக் குறைக்காமல் மெஷினை அப்படியே தொண்ணூறில் ஓடவிட்டு, பாதரசத்தை ஏற்றிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. நம்பாமல் மறுபடி ஏற்றினேன். தொண்ணூறு. மெஷினைப் பழையபடி வைத்தேன், அவருடைய சொந்தத் துடிப்பு வந்தது. கழுத்து அடங்கியது. பிபி நூற்று இருபத்தாறு.

இத்தனை வருஷமாக எல்லோருக்கும் டெஸ்டுக்கு முன்னால்தான் பிபி பார்த்திருக்கிறேன். டெஸ்ட் நடக்கும்போது யாருக்கும் பார்த்ததில்லை. மெஷின் வேலை செய்யாத நேரத்தில் அளந்துவிட்டு, மெஷின் வேலை செய்வது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் குலுங்கி வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, கூட்டத்தில் காத்திருந்து உள்ளே வரும்போது யாருக்குத்தான் எண்பது இருக்காது? எண்பது இருந்தால் எழுபதில் வைத்த மெஷின் எதற்கு வேலை செய்யப்போகிறது? அதனால் எங்கள் முன்னால் அவர் எப்போதும் நன்றாகவே இருந்தார். வீட்டில் உட்கார்ந்ததும் சொந்தத் துடிப்பு அறுபதுக்கு இறங்கும், வேலை நடுவிலும் சில நேரம் பழையபடி நின்றுபோகும், உடனே மெஷின் ஏற்றுக்கொள்ளும், தவளை துள்ள ஆரம்பிக்கும்.

அன்று ஓ.பி.யில் கூட்டம். டாக்டர் பேஷண்ட் பார்க்கும்போது நடுவில் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். போனேன். ஷீட்டை நீட்டி, “சார், பிபி மெஷின் ஓடறப்போ தொண்ணூறு, ஓடாதப்போ நூத்தி இருபத்தாறு” என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுபடி அதையே செய்யச் சொன்னார். நான் மெஷினை ஏற்றினேன், அவர் டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். பிறகு தானே பிபி பார்த்தார். பழனியம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒதுங்கப் போவீங்க?”

பழனியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டியதும்தான் சொன்னார். “அதச் சொல்றதுக்கே வெக்கமா கீதுங்க. மெஷின் வெச்சதுல இருந்து ஜாஸ்தி. கழுத்து அடிச்சா கொஞ்ச நேரத்துல ஓடணும். பள்ளிக்கூடத்துல எங்க ஓடறது? அதான் காலைல இருந்து சமையல் முடியற வரிக்கும் தண்ணி குடிக்கறத வுட்டுட்டேன்.”

டாக்டர் அன்று எனக்கு விளக்கியதுதான், நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு. இதயத்தில் மேலறை முதலில் சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ள வேண்டும். பிறகு கீழறை சுருங்கி உடம்புக்கு அனுப்ப வேண்டும். ஒரு கம்பி மெஷின் கீழறையை மட்டும் தட்டுகிறது. இதற்கு வி.வி.ஐ. முறை என்று பேர். நிறையப் பேருக்கு இது ஒத்துக்கொள்ளும். சிலருக்குக் கீழறையில் கொடுத்த தட்டு பின்பக்கமாக மேலே ஏறி மேலறையையும் சுருக்கிவிடும். அந்த நேரத்தில் நடுவில் இருக்கும் கதவு மூடியிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற கதைதான். போக வழியில்லாத ரத்தம் கழுத்துக்கும் நுரையீரலுக்கும் திரும்பும். உடம்புக்குப் போவது குறையும், பிபி விழும்.

“இதோட நிக்காது” என்றார். மேலறை இப்படி அழுத்தத்தில் விரியும்போது அதன் சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று மேலறை நினைத்துக்கொள்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகத்துக்குத் தண்ணீரை வெளியே தள்ளு என்கிறது, ரத்தக்குழாய்களைத் தளர்ந்து விரியச் சொல்கிறது. ஏற்கெனவே விழுந்த பிபி இன்னும் விழும். அதைத் தூக்கி நிறுத்த உடம்பு அட்ரினலின் வகைச் சுரப்புகளை விடும், அதுதான் அந்த வியர்வை. இதெல்லாம் நடக்கிற உடம்பு தண்ணீரும் குடிக்காமல் அடுப்பு வெக்கையில் நின்றால் விழாமல் என்ன செய்யும்?

“அந்த ஹார்மோனுக்கு டெஸ்ட் இருக்கா சார்?” என்றேன்.

“இருக்கு. இந்த ஊர்ல இல்ல. அதான் எத்தனை தடவை ஒதுங்கறாங்கன்னு கேட்டேன்.”

பிறகு பழைய ஃபைலைக் கேட்டார். நாலு பென்சில் ஷீட்டையும் மேஜையில் வரிசையாக வைத்தார். நாலு ‘இல்லை’.

“இது யாரு கையெழுத்து?”

“என்னுதுதான் சார்.”

“சொல்லியிருக்காங்களா?”

“நாலு தடவையும் சொன்னாங்க சார். டெஸ்டுனால வருதுன்னு நெனைச்சு நான் எழுதல.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “நானும் நாலு தடவையும் மெஷினை ஏத்தறதுக்கு முன்னாலதான் கழுத்தைப் பார்த்தேன்” என்றார். நான் அழிப்பானை எடுத்தேன். “அழிக்காத. அப்படியே இருக்கட்டும்” என்று ஃபைலை மூடினார். எனக்குக் கண் கலங்கியது, வெட்கமாகவும் இருந்தது.

பென்சிலால் எழுதச் சொன்னவர் அழிக்காதே என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அன்று மெஷினை எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினோம். சொந்தத் துடிப்பு அதிக நேரம் ஓடும், மெஷின் தலையிடுவது குறையும். முழுசாகச் சரியாக வேண்டுமென்றால் மேலறைக்கும் ஒரு கம்பி வேண்டும். அப்போது மெஷின் மேலறையை முதலில் தட்டி, சற்றுப் பொறுத்துக் கீழறையைப் பார்க்கும். அதுதான் டி.டி.டி. முறை. அதற்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.

சான்றில் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. “இப்ப போட்டா நான் பொய் சொன்னதா ஆயிடும். நீங்க அண்டாவுல விழுந்தா அது என் கையெழுத்துல விழுந்த மாதிரி” என்றார். அதற்குப் பதிலாக மூன்று மாதம் அவகாசம் கேட்டு அமைப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவரைக்கும் பழனியம்மாவின் நாத்தனார் சமைப்பார். மூன்று மாதத்துக்கு மேல் தள்ள முடியாது என்று அமைப்பாளர் போனிலேயே சொல்லிவிட்டார்.

வராந்தாவில் பழனியம்மா கடிதத்தை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். “மொத கம்பி வெக்கறப்பவும் எல்லாம் சரியாப் பூடும்னாங்க. இப்ப ரெண்டாவது கம்பி. அதுவும் சரியாவலன்னா வேலையும் பூடும், ஒடம்பும் பூடும். நீ இன்னாம்மா சொல்ற?”

என்ன சொல்ல? சரியாகிவிடும் என்ற வார்த்தையை அவரிடம் நாலு தடவை செலவழித்துவிட்டேன். “பத்து நாள் இந்த ஐம்பதுல இருந்து பாருங்க. கழுத்து எப்படி இருக்குன்னு எனக்குப் போன் பண்ணுங்க” என்று என் நம்பரைக் கொடுத்தேன். மலையில் சிக்னல் கிடைக்க ஒரு பாறை மேல் ஏற வேண்டுமாம். பத்தாவது நாள் ஏறிப் பேசினார். கழுத்து அடிப்பது பாதிக்கு மேல் கம்மி, ராத்திரி எழுந்து ஓடுவது நின்றுவிட்டது, ஆனால் துடிப்பு மெதுவாக இருப்பதால் சோர்வு. “வெச்சிக்கறேம்மா ரெண்டாவது கம்பிய” என்றார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதினார். அரசுக் காப்பீட்டில் இரண்டாவது ஆபரேஷனுக்கு அனுமதி வாங்க இரண்டு மாதம் ஓடியது.

மூன்று மாதத்தில் ஒரு வாரம் பாக்கி இருக்கும்போது புது மெஷினோடு வந்தார். டாக்டர் அன்று ஓ.பி.யை அரைமணி தள்ளிவைத்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“பழனியம்மா, நீங்க செவுத்தப் பார்த்துக்கினு படுங்க. இவங்க மெஷினை மாத்திக்கினே இருப்பாங்க. எது எப்பன்னு சொல்ல மாட்டாங்க. கழுத்துல வந்தா வருதுன்னு சொல்லுங்க, வரலன்னா வரலன்னு சொல்லுங்க.”

என்னிடம், இரண்டு முறையிலும் வேகம் தொண்ணூறே இருக்க வேண்டும் என்றார். வேகத்தை வைத்துப் பழனியம்மா ஊகித்துவிடக் கூடாது. முதலில் டி.டி.டி.யில் வைத்தேன்.

“ஒண்ணும் வரல.”

சத்தமில்லாமல் வி.வி.ஐ.க்கு மாற்றினேன். மூச்சு இரண்டு விடுவதற்குள் கை கழுத்துக்குப் போனது. “வந்துடுச்சு.” டாக்டர் பிபி பார்த்து விரலால் காட்டினார், தொண்ணூற்றாறு. டி.டி.டி.க்குத் திரும்பினேன். “பூடுச்சு.” நூற்று இருபத்திரண்டு. அடுத்து மாற்றுகிற மாதிரி பட்டனில் கையை வைத்துவிட்டு மாற்றாமலேயே இருந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “எதுவும் வரலயே, மாத்துனியா?” என்றார். மறுபடி வி.வி.ஐ. “இதோ, பழைய மெஷினு.” ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

டாக்டர் மெஷினை டி.டி.டி.யில் வைத்துப் பூட்டச் சொன்னார். அமைப்பாளரின் படிவத்தைக் கேட்டு வாங்கி, பேனாவைத் திறந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓ.பி.க்குப் போய்விட்டார்.

நான் ஷீட் எழுத உட்கார்ந்தேன். புகார் என்ற கட்டம் வந்தது. அவர் சொன்னது ஒவ்வொன்றையும், எந்த முறையில் சொன்னார் என்பதையும், அவர் வார்த்தையிலேயே எழுதினேன். கட்டம் போதாமல் ஷீட்டின் பின்பக்கம் போனது. பழனியம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“பழனியம்மா, முன்னால நாலு தடவை நீங்க சொன்னீங்க. நான் எழுதல. எழுதியிருந்தா அண்டாகிட்ட விழுந்திருக்க மாட்டீங்க.”

“தெரியும்மா” என்றார். “நான் சொல்றப்போ பென்சிலு நவுறவே இல்லியே. பார்த்துக்கினுதான இருந்தேன்.”

“நான் எழுதலன்னு தெரிஞ்சும் ஏங்க திரும்பத் திரும்ப என்கிட்டயே சொன்னீங்க?”

அவர் படிவத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

“வேற யாருகிட்ட சொல்றது? பென்சிலு உங்கிட்டதானம்மா இருந்துச்சு.”